முதல் கேமரா வாங்கும் முன் ஆசாரத்தில் டேப் பிடித்துப் பாருங்கள்

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஊர், நடுவில் திறந்த முற்றம் வைத்த பழைய தொட்டிக்கட்டு வீடு, நாலு வயதில் மகள், எட்டு மாதத்தில் பையன், தை மாதம் குலதெய்வம் கோயிலில் பையனுக்கு மொட்டையும் காதுகுத்தும், கையில் எண்பதாயிரம் ரூபாய். இதுவரை எல்லாமே போனில்தான். "குடும்பப் படம் எடுக்க முதன்முதலா ஒரு நல்ல கேமரா வாங்கோணும். ஃபுல் ஃப்ரேம் இருந்தாத்தான் சரிப்படுமா? கேனானா, நிகானா, சோனியா? பழசு வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது எண்பதாயிரம் இல்லைங்க தம்பி, தொட்டிக்கட்டு வீடு என்று எழுதினீர்களே, அதுதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏபிஎஸ்-சி சென்சார் (படம் விழுகிற சில்லு, ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்ன அளவு) உள்ள மிரர்லெஸ் பாடி, அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா ஒன்று, எந்தக் கம்பெனியானாலும் சரி. அதோடு எஃப் 1.8 அளவுக்குத் திறக்கிற (எஃப் எண் சிறுத்தால் வெளிச்சம் அதிகம் உள்ளே வரும்), ஜூம் இல்லாத லென்ஸ் ஒன்று. அந்த லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர் (எண் சிறுத்தால் படத்தில் அதிக அகலம் விழும்) என்பதை உங்கள் வீட்டு ஆசாரத்தின், அதாவது தொட்டியை ஒட்டிய கூடத்தின், நீள அகலம்தான் முடிவு பண்ண வேண்டும். ஃபுல் ஃப்ரேம் வேண்டாம். ஏன் என்று கேட்டால் கதை கொஞ்சம் நீளம்.

நான் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிப் பிழைத்தவன். ஒறம்பரை (உறவுக்காரர்) வீட்டு விசேஷம் என்றால் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்ப் பழகி, நடுவில் சில வருடம் முகூர்த்தம் எடுப்பதையே தொழிலாகவும் வைத்திருந்தேன். 2008இல் முதல் டிஜிட்டல் எஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த பழைய ரகக் கேமரா) வாங்கியபோது கடைக்காரர் 'இரட்டை லென்ஸ் செட்' என்று ஒன்றைத் தலையில் கட்டினார். 18-55 மி.மீ. ஜூம் ஒன்று, 55-200 ஒன்று. "இதுல எட்டாததே இல்லீங்" என்றார். எட்டியது உண்மைதான். மயில் எடுத்தேன், தென்னை மரத்து உச்சியில் கிளி எடுத்தேன், அணைக்கட்டில் கொக்கு எடுத்தேன்.

அந்த வருடம் மாரியம்மன் நோம்பிக்கு என் மகள் முதல்முதலாக மாவிளக்கு எடுத்தாள். ஏழு வயது. பாவாடை சட்டை, தட்டில் மாவு உருண்டை, நடுவில் குழித்து நெய் ஊற்றிப் போட்ட திரி. அந்தச் சுடர் வெளிச்சம் முகவாயிலும் மூக்கு நுனியிலும் விழுகிறது. தெருவில் எங்கேயோ ஒரு டியூப்லைட். கேமராவைத் தூக்கினேன், தலையில் இருந்த ஃபிளாஷ் தானாக எழுந்து வெடித்தது. படத்தில் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி, பின்னால் கும்மிருட்டு, விளக்கு எரிகிறதா என்றே தெரியவில்லை. ஃபிளாஷை அமுக்கிவிட்டு எடுத்தேன், பிள்ளை நடக்கிற நடையில் முகம் மூன்றாகத் தெரிந்தது. பதினெட்டுப் படம் எடுத்ததில் ஒன்றுகூடத் தேறவில்லை. பக்கத்தில் என் மச்சான் தன் பழைய ஃபிலிம் கேமராவில், எஃப் 1.8 லென்ஸ், 400 ஐஎஸ்ஓ ரோல், எடுத்த இரண்டில் ஒன்று இன்றும் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. கேமரா அவருடையது என்னுடையதைவிட இருபது வருடம் பழசு. அன்றைக்கு எனக்கு உறைத்ததைத்தான் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

குடும்பத்தில் படம் எடுக்கத் தோன்றுகிற நேரம் எதுவென்று யோசித்துப் பாருங்கள். சாயங்காலம் ஆறரைக்கு மேல். விளக்கு வைத்த பிறகு. அப்பாரு (தாத்தா) கயிற்றுக்கட்டிலில் சாய்ந்திருப்பார், மகள் அவர் மேலேறிக் குதிப்பாள், ஆத்தா (பாட்டி) பையனுக்குச் சோறு ஊட்டுவார். எல்லாம் ஒரு டியூப்லைட்டில். நம் வீடுகளில் பகல் வெளிச்சம் தொட்டியில் கொட்டும், ஆசாரத்துக்குள் நாலடி தள்ளினால் மங்கிவிடும். சாயங்காலம் கேட்கவே வேண்டாம்.

எவ்வளவு இருட்டு என்பதைக் காசு செலவில்லாமல் அளக்கலாம். இன்றைக்கு ராத்திரி ஏழரைக்கு, வழக்கமாக எரியும் விளக்கை மட்டும் போட்டு, மகள் விளையாடுகிற இடத்தில் போனில் ஒரு படம் எடுங்கள். நைட் மோடு எரிந்தால் அணைத்துவிடுங்கள். பிறகு அந்தப் படத்தின் விவரத்தைத் திறந்தால் மூன்று எண் இருக்கும்: லென்ஸ் எவ்வளவு திறந்தது (எஃப்), எத்தனை நொடி வெளிச்சம் விழுந்தது, அந்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக்கொண்டது (ஐஎஸ்ஓ). உதாரணத்துக்கு எஃப் 1.8, 1/50, ஐஎஸ்ஓ 800 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1/50 நொடியில் உட்கார்ந்திருக்கும் அப்பாரு தெளிவாக வருவார், குதிக்கும் பிள்ளை கலங்கிப்போகும். பிள்ளையை நிறுத்திப் பிடிக்க 1/200 ஆவது வேண்டும். நாலில் ஒரு பங்கு நேரம்தான் கிடைக்கிறது என்பதால் ஐஎஸ்ஓவை நாலு மடங்காக்கி 3200 வைக்க வேண்டும். எஃப் 1.8 லென்ஸ் இருந்தால் கணக்கு இங்கேயே முடிந்தது. இன்றைய ஏபிஎஸ்-சி கேமரா எதிலும் 3200இல் நல்ல படம் வரும்.

இப்போது அதே இடத்தில் பெட்டியோடு வரும் கிட் லென்ஸை மாட்டுங்கள். கொஞ்சம் ஜூம் செய்ததும் அது எஃப் 5.6க்கோ 6.3க்கோ சுருங்கிக்கொள்ளும். எஃப் 1.8க்கும் 5.6க்கும் நடுவே வெளிச்சத்தில் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வித்தியாசம். 3200 இருந்த இடத்தில் முப்பதாயிரத்துக்கு மேல் ஐஎஸ்ஓ கேட்கும். முகமெல்லாம் ரவை தூவின மாதிரி புள்ளி. போனே தேவலை என்று நினைப்பீர்கள், அந்த நினைப்பிலும் தப்பில்லை, ஏனென்றால் போனுக்கும் எஃப் 1.8 தானே!

ஃபுல் ஃப்ரேம் கேள்விக்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36க்கு 24 மி.மீ. நிகான், சோனி, ஃபுஜியின் ஏபிஎஸ்-சி ஏறத்தாழ 23.5க்கு 15.6. கேனான் இன்னும் ஒரு துளி சின்னது. பரப்பளவில் ஃபுல் ஃப்ரேம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அந்த இரண்டரை மடங்குக்காக இருக்கிற பணத்தையெல்லாம் பாடியில் போட்டுவிட்டு, அதில் மங்கலான ஜூமை மாட்டுகிறவர்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். லென்ஸை மாற்றினால் கிடைப்பதோ பத்து மடங்கு, அதுவும் குறைந்த காசில். கல்யாணம் எடுத்துப் பிழைக்கிறவருக்கு இரண்டும் வேண்டும். உங்களுக்கு இப்போதைக்கு ஒன்று போதும்.

"பின்னாடி பெரிசா பிரிண்ட் போட்டா உடையாதா?" என்றும் கேட்டிருந்தீர்கள். 12க்கு 18 அங்குலப் படத்தை ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சடித்தால்கூட 3600க்கு 5400, அதாவது 19 மெகாபிக்சல் சொச்சம். 24 மெகாபிக்சல் கேமராவில் மிச்சமே இருக்கிறது. விட்டுத் தள்ளுங்கள்.

இனி டேப். கொல்லையில் கொத்தனார் விட்டுப்போன டேப் ஒன்று எல்லா வீட்டிலும் கிடக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசாரத்தில் வழக்கமாக ஆள் உட்காருகிற இடத்துக்கு எதிர்ச் சுவரில் முதுகு ஒட்ட நின்று, உங்கள் மூக்கிலிருந்து அவர்கள் வரை எத்தனை அடி என்று அளங்கள். அந்த அடியை 23ஆல் பெருக்கி லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்தால், படத்தில் எத்தனை அடி அகலம் விழும் என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். எட்டடி என்று வைத்துக்கொண்டால், 50 மி.மீ. லென்ஸில் மூன்றே முக்கால் அடிகூட முழுசாக வராது. இரண்டு பேர் தோளோடு தோள் உட்காரலாம், மூன்றாவது ஆளின் கை வெட்டுப்படும். 35இல் ஐந்தேகால் அடி, ஒட்டி உட்கார்ந்தால் மூன்று பேர். 24இல் ஏழரை அடிக்கு மேல், கட்டில் முழுசும் அதன் மேல் இருக்கிற பேரப்பிள்ளைகளும். கிட் லென்ஸின் 18இல் பத்தடி, சுவரோடு சுவராக.

'நிஃப்டி ஃபிஃப்டி' என்று ஊர் முழுக்கச் சொல்கிற 50 மி.மீ. லென்ஸை உங்களுக்கு நான் முதலில் சொல்லாததற்குக் காரணம் இந்த டேப்தான். அது ஃபிலிம் காலத்தில் எல்லாருக்கும் பொருந்தின லென்ஸ். ஏபிஎஸ்-சியில் அது குறுகிப்போகும். வாசலில் பிள்ளையை உட்கார வைத்து முகம் எடுக்க அருமை. வீட்டுக்குள் பின்னால் நகர்ந்து நகர்ந்து அம்மிக்கல்லில் இடித்துக்கொள்வீர்கள். விலை குறைவு என்பதால் ஆசை வரும், அதை இரண்டாவது லென்ஸாக அப்புறம் வாங்கிக்கொள்ளுங்கள்.

அகலத் திறந்த லென்ஸில் ஒரு வம்பும் உண்டு. 35 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் வைத்து நாலரை அடி தூரத்திலிருந்து எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ அரைச் சாண்தான். ஆத்தா மடியில் பையன் இருந்தால் பையன் கண் பளிச்சென்று இருக்கும், ஆத்தா முகம் பஞ்சாகிவிடும். நானே என் மாமியார் முகத்தை இப்படிக் கலைத்து ஆல்பத்தில் ஒட்டி, ஒரு வருடம் பேச்சு வாங்கினேன். இரண்டு முகம் இருந்தால் எஃப் 4க்கு வாருங்கள், ஒரு சாண் கிடைக்கும். அல்லது இரண்டு முகமும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும்படி நீங்கள் நாலு எட்டுப் பக்கவாட்டில் நகருங்கள். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் 1.8இல் எடுக்கிற வியாதி புதிதாக லென்ஸ் வாங்குகிற எல்லாருக்கும் மூன்று மாதம் இருக்கும்.

சரி, பாடி. மிரர்லெஸ் ஏன் என்றால், கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ். பழைய எஸ்எல்ஆரில் ஓடுகிற பிள்ளையின் மேல் புள்ளியை வைத்துக்கொண்டே நாமும் ஓட வேண்டும். இப்போது வருகிறவற்றில் கேமராவே முகத்தைக் கண்டு, கண்ணைக் கண்டு, ஒட்டிக்கொள்ளும். அதைவிடப் பெரிய லாபம், உங்கள் வீட்டம்மா கையில் கொடுத்தாலும் படம் வரும். கேமரா வைத்திருக்கிற அப்பன் எவனும் ஆல்பத்தில் இருப்பதில்லை. என் மகளுக்குப் பத்து வயது வரை எங்கள் வீட்டில் அப்பா என்று ஓர் ஆள் இருந்தான் என்பதற்குக் கண்ணாடியில் விழுந்த நிழல்தான் சாட்சி.

கேனானில் ஆர்50, நிகானில் இசட்50, சோனியில் ஏ6400. இந்த மூன்றில் எது கையில் பிடிக்க வாகாக இருக்கிறதோ அதை எடுங்கள். வித்தியாசம் இல்லாமல் இல்லை, ஆனால் உங்கள் வேலைக்கு மூன்றும் ஒன்றுதான். ஆர்50 பேட்டரியோடு 375 கிராம்தான், மெனுவும் எளிது, மூன்றில் புதிதாகக் கற்றுக்கொள்ள அதுதான் லேசு. இசட்50 கைப்பிடி ஆழமானது, பெரிய கைக்கு நன்றாக உட்காரும். சோனிக்கு மற்ற கம்பெனிகள் செய்கிற லென்ஸ் கடல்போலக் கிடக்கிறது. கேனான் தன் ஆர்எஃப் மவுண்டை (லென்ஸ் மாட்டும் வாய்) வெளிக் கம்பெனிகளுக்குப் பூட்டியே வைத்திருந்தது; 2024இல்தான் ஏபிஎஸ்-சி லென்ஸ்களுக்குத் திறந்துவிட்டது. அதனால் சிக்மா 30 மி.மீ. எஃப் 1.4 இப்போது இந்த மூன்று கம்பெனி பாடிக்கும் கிடைக்கிறது. நிகான் பாடியானால் அவர்களுடைய 24 மி.மீ. எஃப் 1.7 இருக்கிறது, தொட்டிக்கட்டு வீட்டுக்கென்றே செய்த மாதிரி.

இதே வரிசையில் கொஞ்சம் விலை குறைவாக நிகான் இசட்30, சோனி இசட்வி-இ10 என்று காட்டுவார்கள். இரண்டிலும் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது. சித்திரை வெயிலில் காட்டுக்குள் நின்று பின்பக்கத் திரையில் எதையாவது பார்த்துவிட முடியுமா? வீடியோவே பிரதானம் என்கிறவர்களுக்கு அது சரி. வீடியோ பற்றி நீங்கள் கேட்டதற்கும் சேர்த்துச் சொல்கிறேன்: மூன்று பாடியும் 4கே எடுக்கும், பிள்ளை மழலை பேசுவதைப் பிடிக்க உங்கள் போனும் போதும். படுக்கைவாட்டில் பிடியுங்கள், அவ்வளவுதான்.

பழசு வாங்கலாமா என்றால், தாராளமாக. நிகான் டி5600 பாடியும் 35 மி.மீ. எஃப் 1.8 டிஎக்ஸ் (நிகானின் ஏபிஎஸ்-சி ரகம்) லென்ஸும் பழையதில் எடுத்தால் உங்கள் பட்ஜெட்டில் பெரும்பாலும் பாதியிலேயே வேலை முடிந்துவிடும். கண் ஃபோகஸ் இருக்காது, படத்தின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பள்ளம் மட்டும் உண்டு: இந்த ரக நிகான் பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. மலிவாக இருக்கிறதே என்று பழைய 50 எஃப் 1.8 'டி' லென்ஸை வாங்கி மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் திருக வேண்டும். ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

கல்யாணம் எடுக்கிறவர்களிடம் வாங்கும்போது ஷட்டர் எண்ணிக்கையைக் கேளுங்கள். முகூர்த்தத்துக்கு இரண்டாயிரம் கிளிக் என்றால் ஐம்பது கல்யாணத்தில் ஒரு லட்சம், தொடக்க நிலை பாடிகளுக்கு அதுவே வயசான கணக்கு. வீட்டு உபயோகக் கேமரா பத்தாயிரம் கிளிக்கோடு பீரோவில் தூங்கிக்கொண்டிருக்கும், அதுதான் நமக்கு. முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் விற்க வருகிறவர்கள் அதிகம், பேரமும் படியும், இது என் அனுபவம். லென்ஸை வாங்கும் முன் இரண்டு பக்கமும் மூடியைக் கழற்றி, போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து, முன்பக்கம் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி, வேர் மாதிரி தெரிந்தால் ஃபங்கஸ். துடைத்தால் போகாது, சும்மா கொடுத்தாலும் வேண்டாம். பிறகு எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரையோ வானத்தையோ ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் சென்சாரில் உள்ள தூசி கறுப்புப் புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும். தூசி பிரச்சினை இல்லை, சுத்தம் செய்துகொள்ளலாம். கீறல் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஃபிளாஷ். கேமரா தலையில் எழும் குட்டி ஃபிளாஷைப் பற்றி மாவிளக்குக் கதையிலேயே சொல்லிவிட்டேன். தனியாக மாட்டுகிற, தலையைத் திருப்பக்கூடிய சிறிய ஃபிளாஷ், கோடாக்ஸ் மாதிரி ஒன்று, அடுத்த வருடம் வாங்கலாம். அதை ஆள் முகத்தில் அடிக்காமல் வெள்ளை கூரையில் அடித்தால் வெளிச்சம் மேலிருந்து மெதுவாக இறங்கும். உங்கள் வீட்டில் மாடியில் கட்டிய தார்சு (கான்கிரீட் கூரை) அறையில் இது அழகாக வேலை செய்யும். கீழே ஓட்டுக் கூரையில் செய்யாதீர்கள். உயரமும் ஜாஸ்தி, ஓட்டின் செம்மண் நிறம் எல்லார் முகத்திலும் இறங்கி, செங்கல் சூளையில் நிற்கிறவர்கள் மாதிரி ஆகிவிடும். அங்கே பக்கத்து வெள்ளைச் சுவரில் திருப்பி அடியுங்கள். இன்னொன்று, கேனானின் 1500டி, 200டி மார்க் 2, ஆர்50 போன்ற மாடல்களில் ஃபிளாஷ் மாட்டும் இடத்தின் நடுப்பின் கிடையாது. பக்கத்து வீட்டு ஸ்டுடியோக்காரர் கொடுக்கும் பழைய சாதா ஃபிளாஷ் அதில் எரியாது. கேமராவைக் கடைக்கே எடுத்துப் போய், மாட்டி எரிய வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

தை மாதக் காதுகுத்துக்கு வருவோம், அதற்காகத்தானே இத்தனையும். குலதெய்வம் கோயில் என்றால் பெரும்பாலும் காட்டுக்குள். வேப்ப மரம், தகரக் கொட்டகை அல்லது சின்ன மண்டபம். வெளியே வெயில் வெள்ளையாகக் கொதிக்கும், மண்டபத்துக்குள் கறுப்பு. முதல் நாளே போய், தாய்மாமன் எந்தப் பக்கம் பார்த்து உட்காரப் போகிறார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வெளிச்சம் அவர் முகத்துக்கு எதிரே வருகிற மாதிரி ஜமுக்காளத்தைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். பூசாரி ஒரு திசைதான் சொல்வார் என்றால் அவர் சொல்வதே சரி, நீங்கள் இடம் மாறுங்கள்.

மாமன் மடியில் பையன். ஆசாரி கம்பியை நிமிண்டிக்கொண்டே வேறெங்கேயோ பார்க்கிற மாதிரி பார்ப்பார். முதல் காதில் கம்பி ஏறும்போது பிள்ளை அழாது. அரை நொடி திகைக்கும். கண் அகன்று வாய் திறந்து சத்தம் வராமல் இருக்கும் அந்த அரை நொடிதான் படம். அப்புறம் அழுகை, கூட்டம், வாழைப்பழம், கிலுகிலுப்பை. இரண்டாவது காதுக்குப் பிள்ளைக்கு விஷயம் தெரிந்துவிடும், நாலு பேர் தலையைப் பிடிப்பார்கள், படத்தில் கைகள்தான் தெரியும். அதனால் முதல் காது எந்தப் பக்கம் என்று ஆசாரியிடம் கேட்டுக்கொண்டு அதற்கு எதிர்ப்பக்கம், பிள்ளையின் முகம் தெரிகிற பக்கம், மண்டியிட்டு உட்காருங்கள். 1/250, எஃப் 2.8, ஐஎஸ்ஓ ஆட்டோ, தொடர் கிளிக். சத்தம் வேண்டாமென்று சைலண்ட் ஷட்டரைப் போட்டுவிடாதீர்கள், மண்டபத்து எல்ஈடி விளக்கில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சாதாரண விளக்குகள் நொடிக்கு நூறு முறை மினுக்கும். பட்டை தொல்லை கொடுத்தால் 1/100க்கு இறங்கினால் அடங்கும்.

வேட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்து ஆண்கள் வெள்ளை வேட்டி சட்டையில் நிற்கும் குரூப் படத்தை கேமராவின் இஷ்டத்துக்கு விட்டால், இவ்வளவு வெள்ளையா என்று மிரண்டு மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் என்று நினைப்பதுதான் அதன் அளவுகோல். வெயிலில் உழைத்த முகங்கள் அதில் மூழ்கிப்போகும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைக் கூட்டல் பக்கம் முக்காலோ ஒன்றோ ஏற்றிவிடுங்கள், வேட்டியின் மடிப்பு தெரிகிற வரைக்கும். முகத்தில் நிறம் வரும். அப்பாருவின் நிறம் வர வேண்டும் என்கிறேன், வெளுப்பாக்கச் சொல்லவில்லை. நான் தொழில் பண்ணியபோது எல்லார் முகத்தையும் கம்ப்யூட்டரில் இரண்டு மடங்கு வெளுத்துக் கொடுத்தவன்தான், கேட்டார்கள், கொடுத்தேன். செத்துப்போன ஒரு பெரியவரின் பெரிதாக்கிய படத்தைப் பார்த்து அவர் சம்சாரம் "இது யாருங்க?" என்று கேட்டார். அன்றோடு விட்டேன்.

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. உங்கள் சித்தப்பா வீட்டில் தறி ஓடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். தறிக்கூடத்துக்குள் லென்ஸை மட்டும் கழற்றாதீர்கள், பஞ்சுத்தூள் நேராகச் சென்சாரில் போய் உட்காரும். மஞ்சள் காயும் களத்திலும் அப்படித்தான். வீட்டில் கேமராவைத் தோல் பையில் போட்டுப் பட்டுச் சேலையோடு பீரோவில் வைக்க வேண்டாம். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதில் சிலிக்கா ஜெல் பொட்டலம், நிறம் மாறினால் காய வைத்துத் திரும்பப் போடுங்கள். நம் பக்கம் காற்று வறண்டதுதான், ஆனாலும் ஐப்பசி மழையில் வாரக்கணக்கில் திறக்காத பை போதும் ஃபங்கஸுக்கு. ஃபங்கஸ் வராமல் இருக்க நல்ல வழி தினம் எடுத்துப் பயன்படுத்துவது.

மெமரி கார்டு 64 ஜிபியில் இரண்டு, பெரிய ஒன்றைவிட. படங்களை இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைத்து, ஒன்றை உங்கள் மாமனார் வீட்டில் விட்டு வையுங்கள். ஒரே டிஸ்கை நம்பி இரண்டு வருடப் படத்தைத் தொலைத்தவன் சொல்கிறேன், அதில் எங்கள் அப்புச்சியின் கடைசிப் பொங்கலும் போய்விட்டது. வாட்ஸ்அப்பில் ஒறம்பரைக்கு அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் சுருக்கிவிடும். வருடத்துக்கு நாற்பது படமாவது அச்சடித்து ஆல்பத்தில் போடுங்கள், ஆத்தா போனில் பார்க்க மாட்டார்.

பணத்தைப் பிரிப்பது இப்படி இருக்கட்டும். லென்ஸுக்கு முதலில் ஒதுக்குங்கள், கார்டுக்கும் டப்பாவுக்கும் டிஸ்குக்கும் கொஞ்சம், மீதியில் பாடி. பாடியோடு கிட் லென்ஸ் சேர்ந்து வந்தால் வேண்டாம் என்று சொல்ல வேண்டாம், பகலில் கொடிவேரிக்கோ பூப்பறிக்கிற நோம்பிக்கோ போக அது நல்ல துணை. ஆனால் கிட் லென்ஸ் இரண்டு உள்ள செட்டைக் காட்டி, "இதுல எட்டாததே இல்லீங்" என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

தை பிறக்க இரண்டு மாதமாவது முன்னால் வாங்கி, தினமும் விளக்கு வைத்த பிறகு பத்துப் படம் எடுத்துப் பழகுங்கள். காதுகுத்தன்று பொத்தானைத் தேடக்கூடாது. அதற்கு முன், ராத்திரி ஏழரைக்கு எடுத்த போன் படத்தில் இருக்கிற அந்த மூன்று எண்ணையும், ஆசாரத்தில் சுவருக்கும் கட்டிலுக்கும் எத்தனை அடி என்பதையும் எழுதி அனுப்புங்கள். பத்தடிக்குக் கீழே என்றால் 24, மேலே என்றால் 30 அல்லது 35. பத்துக்குப் பக்கத்தில் இழுபறியாக நின்றால் கட்டிலை எந்தச் சுவரோரம் போட்டிருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.